மார்கழிச் சருகைத் தீயிடாமல் மண்ணாக்குதல்

ஆண்டுதோறும் மார்கழி பிறந்தவுடன் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவின் புறநோயாளர் வரிசை நீளத் தொடங்குகிறது. இரவெல்லாம் இருமல், விடியலில் இளைப்பு, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்த இரவு என வருவோர் சொல்லும் குறைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பனியே காரணம் என்பது அவர்களுடைய எண்ணம். பனிக்கும் அதில் பங்கு உண்டு. எனினும், “வீட்டருகே யாரேனும் சருகு கொளுத்துகிறார்களா?” என்று நாங்கள் கேட்டால், பலர் சற்றே தயங்கி, “நாங்கள்தாம் கொளுத்துகிறோம்” என்கின்றனர்.

நம் நகரியத்தின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. இங்குக் குடியிருப்புகள் பலவற்றிலும் முன்னும் பின்னும் தோட்டம் உண்டு. தெருவோரம் எங்கும் நிழல்மரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும்போது தேக்கு இலை உதிர்க்கிறது. வாகையும் நாட்டு வாதுமையும் பின்தொடர்கின்றன. மாவும் முந்திரியும் ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. வாசல் பெருக்கிக் கோலமிடும் மாதம் ஆதலால் காலையில் சருகு ஓரிடத்தில் குவிகிறது. குவிந்ததற்குத் தீ வைப்பது எளிதாக இருக்கிறது. போகியன்று ஊரே செய்வதை மாதம் முழுதும் நாம் சிறுசிறு அளவில் செய்து வருகிறோம்.

அந்தச் சருகு எரிய வேண்டியதில்லை. நல்ல மண்ணாகலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆனால் மருத்துவர்களாகிய நாங்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ள இயலாது. மட்கும் குவியலும் சிலருக்குத் தீங்கு செய்யும். எரிப்பதை விட்டுவிட்டு எருவாக்கத் தொடங்கிய ஒருவர், அக்குவியலைக் கிளறியதனாலேயே எங்களிடம் வந்து சேர்வதும் நடக்கக்கூடியதே. ஆகவே செய்ம்முறையையும் காப்புமுறையையும் சேர்த்தே சொல்கிறோம்.

புகை ஏன் குளிர்காலத்தில் கூடுதலாக வருத்துகிறது

பகலில் நிலம் சூடாகி, அதன்மேல் உள்ள காற்றும் சூடாகி மேலெழும். புகையும் அதனுடன் மேலே சென்று கலைந்துவிடும். பனிக்கால இரவில் நிலம் விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாக ஒரு மூடிபோல் அமைந்துவிடுகிறது. விடியற்காலையில் எழும் புகை இந்த மூடியைத் தாண்ட இயலாமல், நம் சன்னல் உயரத்திலேயே பரவி நிற்கிறது. மார்கழிக் காலையில் புகை படுக்கையாகக் கிடப்பதைச் சாலையில் நடந்து செல்வோர் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாவது காரணம் ஈரம். பனியில் நனைந்த சருகு கொழுந்துவிட்டு எரியாது, கனன்று புகையும். அவ்வாறு அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. இத்துகள்களில் பல 2.5 மைக்ரானுக்கும் குறைவான பருமன் உடையவை. நம் தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு எனலாம். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை அவை செல்கின்றன. ஆஸ்துமா உடையவருக்கு மூச்சுக்குழல் சுருங்குகிறது. நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் உடையவருக்கு, ஏற்கெனவே குறைந்துள்ள மூச்சின் இருப்பு மேலும் குறைகிறது. இதய நோயாளருக்கும் இது நல்லதன்று. பழைய டயரும் பிளாஸ்டிக் பாயும் அத்தீயில் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

திடக்கழிவு மேலாண்மைக்காக நடுவண் அரசு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகள், தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது எங்கள் வேலையன்று. எரிப்பவர்க்கு வேறு வழி தெரிய வேண்டும். அதுவே முதல் தேவை.

காற்று எட்டாத குவியலும் காற்று எட்டும் குவியலும்

நெய்வேலி மக்களுக்கு மட்குதலைப் பற்றி விளக்குவது எளிது. நம் காலடியில் கிடப்பதே மட்கி முடியாத ஒரு பெருங்குவியல்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது வெளிப்பட்ட கரும்பொருள், ஒரு காலத்தில் மரமாகவும் இலையாகவும் இருந்ததே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீர் தேங்கிய சதுப்பில் அத்தாவரங்கள் விழுந்தன. நீருக்கடியில் காற்று எட்டவில்லை. காற்று இன்றி வாழும் நுண்ணுயிர்கள் மட்டுமே மெதுவாக அவற்றைச் சிதைத்தன. அவ்வேலையும் பாதியில் நின்றது. மேலே மணலும் களியும் படிந்து அழுத்த, அது பழுப்பு நிலக்கரி ஆயிற்று.

நம் தோட்டத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான நிலை. காற்று எட்டினால் நுண்ணுயிர்கள் சருகை மூன்று நான்கு மாதங்களில் கருமண்ணாக்கிவிடும். எட்டாவிட்டால் குவியல் அழுகும், முட்டை அழுகியது போன்ற நாற்றம் வரும், மீத்தேன் வெளிப்படும், ஈயும் புழுவும் சேரும். எருக்குழி நாறுகிறது என்று கைவிட்டவர்கள் பலரும், தாம் அறியாமலே தோட்டத்தில் ஒரு சிறு சதுப்பை உருவாக்கியவர்களே.

இடையில் ஒரு செய்தி. பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துப் பயிருக்கு இடும் முறை உண்டு. அதைக் கேள்விப்பட்டு, கரித்தூளையே தொட்டியில் கொட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டா. பிரித்தெடுத்த பொருளும் கரித்தூளும் ஒன்றல்ல. தூளாக இருப்பது தூசியாகப் பறந்து மூச்சில்தான் சேரும். அனல்மின் நிலையச் சாம்பலையும் வீட்டுத் தோட்டத்தில் இட வேண்டா. அதில் கன உலோகங்களின் எச்சம் இருக்கக்கூடும். கீரையும் கிழங்கும் விளையும் பாத்தியில் அதற்கு இடமில்லை. விறகுச் சாம்பல் மட்டும், அதுவும் ஓரிரு கைப்பிடி அளவில், குவியலில் சேரலாம்.

நம் பகுதி மண்ணுக்கு எரு ஏன் இத்தனை தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இது செம்மண் பூமி, மணற்பாங்கானது. பெய்த மழை நிற்காமல் இறங்கிவிடும். அதனுடன் சத்தும் இறங்கிவிடும். முந்திரியும் பலாவும் ஆழ வேரோடி இம்மண்ணில் செழிக்கும். கத்தரிக்கும் கீரைக்கும் அத்தகைய வேர் கிடையாது. மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு மட்கிய பொருள் கலந்திருந்தால்தான் நீரும் சத்தும் அங்கே தங்கும். சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேல் கிடந்த மணலையும் களியையும் வெட்டி எடுத்து மறுபடி நிரப்பிய நிலங்களை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ உயிரற்ற அம்மண்ணில் இன்று பசுமை தெரிகிறதென்றால், அதற்குத் தொழுவுரம் முதலான மட்கு பொருள்களைச் சேர்த்ததும் ஒரு காரணம்.

குவியல் அமைக்கும் முறை

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள், குளிர்காலத்தில் எருக்குவியலைக் காப்பது எப்படி என்று காணொளிகள் அனுப்புவதுண்டு. வைக்கோலால் தடிமனாகப் போர்த்து, உறைந்துபோகாமல் காத்து, வேனிலில் மீண்டும் கிளற வேண்டும் என்று அவை சொல்லும். கனடாவுக்கு அது சரி. இங்குத் தை மாதத்துக் கடுங்குளிர் இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். மட்குவிக்கும் நுண்ணுயிர்கள் அதற்கெல்லாம் உறங்குவதில்லை. நமக்குப் பகை குளிரன்று, ஈரம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது குழியில் இட்ட சருகு நீரில் மிதக்கும். ஆகவே இப்பருவத்தில் குழி வேண்டா. தரைமேல் குவியலே தக்கது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி மட்குஎரு முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டும், வறண்ட காலத்தில் குழி, மழைக்காலத்தில் தரைக்குவியல் என்றே பிரித்துச் செய்தார்.

மழையின் வேகம் தணிந்த பிறகு தொடங்குவது நல்லது. படுக்கையறைச் சன்னலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, நீர் தேங்காத மேட்டில் இடம் தேர்க. அடியில் முருங்கைக் குச்சி, தென்னை மட்டை, காய்ந்த செம்பருத்திக் கிளை முதலியவற்றை ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குக. காற்று கீழிருந்து புகுவதற்கு அதுவே வழி. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டர் அளவாவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போய்விடும். பனிக்காலத்தில் இது இன்னும் முக்கியம்.

நுண்ணுயிர்களின் உணவில் கரிமம் ஏறத்தாழ 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் இருப்பது ஏற்றது. காய்ந்த சருகில் கரிமம் மிகுதி. பசுந்தழை, காய்கறித்தோல், சாணம் ஆகியவற்றில் தழைச்சத்து மிகுதி. கணக்குப் போட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை. சருகு மூன்று கூடை, பசுந்தழையும் காய்கறிக் கழிவும் ஒரு கூடை, சாணம் அரைக்கூடை என அடுக்கடுக்காக இட்டால் போதும். மார்கழியில் கோலத்தின் நடுவே பூசணிப்பூ செருகி வைத்த சாண உருண்டைகளும் இதில் சேரலாம். சாணம் கிடைக்காதோர் பழைய மட்குஎருவில் ஒரு கூடையோ, மரத்தடி மண்ணில் ஒரு கூடையோ தூவலாம். நுண்ணுயிர்கள் அதிலேயே உண்டு. போகிக்கு வெளியே எறியும் கோரைப்பாயையும் ஓலைப்பாயையும் துண்டாக நறுக்கிப் போடலாம். பிளாஸ்டிக் பாய்க்கு இங்கே வேலையில்லை.

தேக்கிலை தட்டையாகப் படிந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். காற்றும் நீரும் அதனூடே போகா. முந்திரி இலையும் மா இலையும் தோல்போலத் தடித்தவை. தைல இலை மட்க மறுக்கும். இவற்றைக் கையால் கிழித்தோ, சாக்கில் கட்டி மிதித்தோ நொறுக்கிய பின் சேர்ப்பது நன்று. அப்படியே போட்டவர்கள் ஆடியில் பிரித்துப் பார்த்தால் தேக்கிலை முழுதாக, நரம்பு கூடக் கலையாமல் சிரித்துக்கொண்டிருக்கும்.

மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், சமைத்த சோறு ஆகியவற்றை இட வேண்டா. எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் வரும் என்பதை நாங்கள் மருத்துவமனையில் காணும் நோயாகவே சொல்கிறோம். நாய், பூனையின் கழிவும் கூடாது.

ஈரத்தின் அளவை அறியக் கருவி வேண்டியதில்லை. குவியலின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிக. ஓரிரு துளி கசிந்தால் சரியான அளவு. ஒழுகினால் சருகு சேர்க்க. கசியவே இல்லையென்றால் நீர் தெளிக்க. இரவில் மேலே தென்னங்கீற்றோ பழைய சாக்கோ போர்த்துக. பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் மழை போகாது, ஆனால் காற்றும் போகாது; பெருமழை வரும்போது மட்டும் அதைப் போட்டு, ஓய்ந்தவுடன் எடுத்துவிடலாம்.

முறையாக அமைந்த குவியல் மூன்று நான்கு நாள்களில் சூடாகும். ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே 55 பாகையை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம். அந்தச் சூடு சில நாள்கள் நீடித்தால் களைவிதையும் ஈ முட்டையும் நோய்க்கிருமிகள் பலவும் மாய்ந்துவிடும். ஓரத்தில் இருப்பவை தப்பிவிடும் ஆதலால், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வெளியில் உள்ளதை உள்ளேயும் உள்ளிருப்பதை வெளியேயும் மாற்றிப் புரட்ட வேண்டும். மார்கழியில் தொடங்கியது பங்குனியில் பக்குவப்படும். உள்ளங்கையில் எடுத்தால் இலை எது, தண்டு எது என்று தெரியாமல், மழை விழுந்த மண்ணின் மணத்துடன் இருக்க வேண்டும். ஐயமிருந்தால் ஒரு பிடியை நனைத்து உறையில் கட்டி மூன்று நாள் வைத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் மட்கி முடியவில்லை, வேரைச் சுட்டுவிடும்.

பாத்தியில் மட்குஎரு ஒரு பங்கு, தோட்டமண் இரண்டு பங்கு என்று மேல் ஒரு சாணில் கலந்தால் போதும்.

குவியலுக்கு அருகே நிற்கக் கூடாதவர்கள்

புரட்டும் வேலையில்தான் எங்கள் அச்சம் தொடங்குகிறது. குவியலின் சூடு தணியும் கட்டத்தில் அதில் பூஞ்சைகள் செழிக்கும். அவற்றுள் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வெப்பத்தைத் தாங்கி வளர்வதில் வல்லது. காய்ந்த குவியலைப் புரட்டும்போது வெண்சாம்பல் நிறத்தில் எழும் தூசியில் அதன் வித்துகள் எண்ணிறந்தவை உண்டு. நலமாக உள்ளவர் மூச்சில் அவை நாள்தோறும் புகுகின்றன. உடல் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. எல்லாருக்கும் அவ்வாறு நடப்பதில்லை.

ஆஸ்துமா உடையோர் சிலருக்கு இப்பூஞ்சை மூச்சுக்குழலிலேயே தங்கி ஒவ்வாமையை வளர்த்து, எந்த மருந்துக்கும் அடங்காத இளைப்பையும் பழுப்புநிறச் சளிக்கட்டிகளையும் உண்டாக்கும். காசநோய் ஆறிய பின் நுரையீரலில் குழிவு எஞ்சியவர்களுக்கு, அக்குழிவினுள் பூஞ்சை உருண்டையாகத் திரண்டு, பின்னொரு நாள் இருமலில் இரத்தமாக வெளிப்படும். புற்றுநோய் மருந்து பெறுவோர், மாற்றுறுப்புப் பெற்றோர், நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோரின் நுரையீரலை அது ஊடுருவவும் கூடும். 2008-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு நிகழ்வை வெளியிட்டனர். அழுகிய தழைக்கூளத்தைத் தோட்டத்தில் பரப்பிய நாற்பதுகளில் இருந்த ஒருவருக்கு ஒரே நாளில் மூச்சுத்திணறல் தொடங்கி, அவர் உயிரிழந்தார். அவருடைய நோய் எதிர்ப்பாற்றலில் பிறவியிலேயே ஒரு குறை இருந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. இத்தகைய நிகழ்வு மிக அரிது. ஆயினும் மேலே சொன்ன நிலைகளில் இருப்போர் குவியலைப் புரட்டவோ சலிக்கவோ வேண்டா என்று உறுதியாகச் சொல்கிறோம். முகமூடி அணிந்துகொண்டு செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டா, வேறொருவர் செய்யட்டும்.

இன்னொரு நோய் மாறுவேடத்தில் வரும். பூஞ்சை பிடித்த வைக்கோலிலும் சருகிலும் வேலை செய்து நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் உண்டாகும். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். அடுத்த முறை குவியலைக் கிளறும்போது மீண்டும் வரும். ‘உழவர் நுரையீரல்’ என இதை வழங்குவர். பனிக்காலத்தில் வருவதால் சளிக்காய்ச்சல் என்றே எல்லாரும் எண்ணிவிடுகின்றனர். நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவரும் அவ்வாறே எண்ணக்கூடும். எங்களுள் சிலர் பயிற்சிக் காலத்தில், ‘தோட்ட வேலை உண்டா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்க மறந்து, நுண்ணுயிர்க்கொல்லியை மாற்றி மாற்றி எழுதியதுண்டு. திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும்; பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது. ஆகவே காய்ச்சலோ இளைப்போ என வரும்போது, முந்தைய மூன்று வாரங்களில் எருவையோ மண்ணையோ கையாண்டிருந்தால் நீங்களாகவே சொல்லுங்கள்.

நலமாக உள்ளவர் புரட்டும்போதும் சில முறைகள் வேண்டும். முந்தின நாள் மாலையே குவியலை நனைத்துவிட்டால் தூசி எழாது. காற்று முதுகுப்புறமிருந்து வரும்படி நிற்க வேண்டும். விடியற்காலையில் செய்யாமல், வெயில் ஏறிய பின் செய்தல் நன்று. துணிமுகமூடி வித்துகளைத் தடுக்காது. என்-95 வகை தடுக்கும், மூக்கின்மேல் இறுகப் பொருந்தினால். கடையில் வாங்கும் தொட்டி மண்மூட்டையைப் பிரிக்கும்போதும் முகத்தை அதன்மேல் கவிழ்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அத்தகைய மண்ணிலிருந்து லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் அழற்சி பரவியதால், அங்கு மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிறப்பாக நீரிழிவு உடையோருக்கு. மழை ஈரம் உலராத மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், தோலின் சிறு கீறல் வழியே புகுந்து, நுரையீரல், கல்லீரல், எலும்பு என எங்கும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். இரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-இல் அதை முதன்முதல் விவரித்தனர். காசநோய்போலத் தோற்றமளித்து ஏமாற்றும். வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காது. நீரிழிவு உடையோரையே பெரிதும் நாடும். பாத உணர்ச்சி குன்றியவர்க்கு முள் தைத்ததும் தெரியாது. வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்குவது நம் பழக்கம். ஆயினும் நீரிழிவு உள்ளவர் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் கையுறையும் இன்றிப் பாத்தியில் இறங்க வேண்டா. காலில் ஆறாத புண் இருந்தால், அது ஆறும்வரை தோட்டமே வேண்டா. டெட்டனஸ் தடுப்பூசி பத்தாண்டுகளுக்குள் போட்டிருக்கிறதா என்று எல்லாரும் பார்த்துக்கொள்க.

பனிமாதங்களில் புதரோரச் சருகை அள்ளுவோருக்கு உண்ணிக் காய்ச்சலும் வரக்கூடும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று தோன்றும், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்பு மடிப்பு என்று மறைவிடத்திலேயே இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடிக்கும் ஒருவரின் உடலில் வீட்டார் இதைத் தேடிப் பார்த்துக் கண்டு சொன்னால், நோயறிதலில் பாதி முடிந்தது. உரிய காலத்தில் கொடுத்தால் எளிய, விலை மலிந்த மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். முழுக்கை உடுத்தி, வேலை முடிந்தவுடன் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைப்பது போதுமான காப்பு.

புரட்டாமல் செய்யும் வழிகள்

இவ்வளவையும் படித்தபின், மூச்சுநோய் உள்ளவர் தோட்டத்தை எட்டிப் பார்க்கவும் கூடாதோ என்று அஞ்ச வேண்டா. நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு உடையோருக்கு அளவான உடலுழைப்பு மருந்துக்கு நிகரானது. பூவாளியில் பாதி நீர் நிரப்பித் தெளித்தல், நாற்று நடுதல், கீரை கிள்ளுதல் எல்லாம் செய்யலாம். பொருளைத் தூக்கும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குக. குனிந்து செய்யும் வேலையை முக்காலியில் அமர்ந்து செய்க. மூச்சிழுப்பு மருந்து சட்டைப்பையில் இருக்கட்டும்.

எருவும் புரட்டாமல் ஆகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் உருவாக்கிய முறையில் குழியில் அடுக்கடுக்காக இட்டு நிரப்பி, மேலே சேறும் சாணமும் பூசி மூடிவிடுவார்கள். அதன்பின் ஆறு முதல் எட்டு மாதம் அதைத் தொடுவதில்லை. தூசி இல்லை, ஈயும் இல்லை. சூடு நீடித்து நிற்காததால் களைவிதை சில பிழைத்திருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குழி என்பதால் மழை முற்றிலும் நின்ற பிறகு, தை பாதியில் தொடங்குவதே பாதுகாப்பு. குழியைத் திறந்து அள்ளும் நாளில் மட்டும் மூச்சுநோய் உள்ளவர் வீட்டுக்குள் இருந்துகொள்ளட்டும்.

அதனினும் எளியது சாக்குமுறை. சிறிய இடத்தில் வாழ்வோர்க்கும், முதியோர் மட்டுமே உள்ள வீட்டுக்கும் இதைத்தான் சொல்கிறோம். அரிசி வரும் நெகிழிச் சாக்கில் சுற்றிலும் இருபது முப்பது துளையிட்டு, பனியில் நனைந்த சருகையே அள்ளித் திணித்து, இரண்டு கைப்பிடித் தோட்டமண் தூவி, வாயைக் கட்டி, நிழலான மூலையில் சாய்த்து வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மேலே நீர் தெளித்தால் போதும். அவிழ்க்கவோ கிளறவோ வேண்டியதில்லை. சூடு ஏறாது, மெதுவாக மட்கும். இந்த மார்கழியில் கட்டியது அடுத்த மார்கழியில் கரிய இலைமட்காக இருக்கும். கட்டுவதற்கு நைலான் கயிறே நன்று. சணல் கயிறாக இருந்தால் சருகுக்கு முன் அது மட்கிவிடும்.